முடிய மறுத்த பாட்டு

அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடப்பக்க மேசைக்குப் போவாள், நாலு கட்டைகளை அழுத்திப் பார்ப்பாள். உடனே வலப்பக்க மேசைக்கு ஓடுவாள். மறுபடியும் இடப்பக்கம். இசைக்கருவிக் கடையின் தரையே தேய்ந்துவிடும் போலிருந்தது.

"அம்மா, எனக்கே தலை சுத்துது. கொஞ்சம் உக்காரேன்," என்றாள் சுண்டு. அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் புழங்கியது.

"உக்கார நேரமாடி இது? சாயங்காலம் ஹோட்டல்ல பாடணும். கையில கீபோர்டு இல்ல!"

அம்மா தனியாளாகப் பாடி வாசிப்பவள். டிரம்ஸ் அடிக்க ஆள் கிடையாது, கிதாருக்கும் ஆள் கிடையாது. எல்லாரும் கீபோர்டுக்குள்ளேயே இருந்தார்கள். அம்மா இடக்கையால் சுரங்களைப் பிடித்தால் போதும், உள்ளிருந்து தாளமும் கிதாரும் கூடவே கிளம்பி வரும். பாட்டை முடிக்க ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் எல்லாம் சேர்ந்து அழகாக நிற்கும்.

போன வாரம் நிற்கவில்லை. பழைய கீபோர்டு மக்கர் செய்துவிட்டது. அம்மா பாடி முடித்து நன்றி சொன்ன பிறகும் தாளம் 'டும் டும்' என்று போய்க்கொண்டே இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் வயரையே பிடுங்க வேண்டியதாயிற்று.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்மா," என்று ஹோட்டல் மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. சுண்டுவுக்கும்தான்.

இப்போது கடையில் இரண்டு கீபோர்டுகள் இருந்தன. ஒன்று யானை கம்பெனி. பெரிய திரை, பளபளவென்று விளக்குகள். இன்னொன்று பருந்து கம்பெனி. வீட்டில் கெட்டுப்போன கீபோர்டும் பருந்துதான், ஆனால் இது புதுசு. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"யானையை எடுங்கக்கா," என்றார் கடைக்காரர். "ஆயிரம் ஓசை இருக்கு. மழைச் சத்தம்கூட இருக்கு, கேளுங்க."

அவர் ஒரு பட்டனைத் தட்டினார். சோவென்று மழை கொட்டியது. சுண்டுவின் தம்பி வாலு அண்ணாந்து கூரையைப் பார்த்தான். "அம்மா, குடை எங்க?"

"அப்ப பருந்து எப்படிங்க?" என்று கேட்டாள் அம்மா.

"அதுவும் நல்லதுதான்."

"ரெண்டும் நல்லதுன்னா நான் எதைத்தான் எடுக்கறது!" அம்மா மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

சுண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ குறைந்தது. அம்மா வந்ததிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை. ஹோட்டலில் அவள் கீழே பார்க்கவே மாட்டாள். எந்த மேசையில் யார் தாளம் போடுகிறார்கள், யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று எல்லாரையும் பார்த்துக்கொண்டேதான் பாடுவாள்.

"அம்மா, நீ இன்னும் பாடவே இல்லையே!"

"கடையிலயா? கூச்சமா இருக்குடி."

"ஹோட்டல்ல மட்டும் கூச்சமா இல்லையாக்கும்?"

சுண்டு காரியத்தில் இறங்கினாள். நாலு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். "அங்கிள், விளக்கைக் கொஞ்சம் அணைங்க. இதுதான் ஹோட்டல். நீங்க சாப்பிட வந்தவர்." மூலையில் கிதாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்த கடை அண்ணனையும் விடவில்லை, கூப்பிட்டு உட்கார வைத்தாள். "வாலு, உன் வேலை என்ன தெரியுமா? தொந்தரவு பண்றது."

வாலுவின் முகம் மலர்ந்தது. அவனுக்குப் பிடித்த வேலையை அதுவரை யாரும் அவனிடம் கொடுத்ததே இல்லை.

"ஒரே ஒரு கண்டிஷன், அம்மா. கீழ பாக்கக் கூடாது. எங்களைப் பாத்துப் பாடணும்."

முதலில் யானை. அம்மா பாடினாள். அடேயப்பா, என்ன ஓசை! சுண்டுவுக்கு மெய் சிலிர்த்தது. பாதியில் வாலு நாற்காலி மேல் ஏறினான். "வேற பாட்டு! வேற பாட்டு!"

பாட்டை முடிக்க அம்மாவின் இடக்கை பழைய பருந்தில் பழகிய இடத்துக்குப் போய் அழுத்தியது. பாட்டு முடியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தது! அம்மா திரும்ப அழுத்தினாள். திரும்பவும் ஆரம்பித்தது.

"ஐயையோ, முடிய மாட்டேங்குதே!" அம்மா குனிந்து திரையில் தேடினாள். இப்போது அவளுடைய உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது.

"அக்கா, அது ஆரம்பிக்கற பட்டன்! முடிக்கறது அந்தக் கோடியில இருக்கு!" என்று கடைக்காரர் ஓடி வந்தார். வாலு விழுந்து விழுந்து சிரித்தான். சுண்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜரின் முகம்தான் ஞாபகம் வந்தது.

"பரவாயில்லம்மா. இப்ப பருந்து."

இந்தத் தடவை வாலு ஒரு காலி டப்பாவை வேறு உருட்டினான். "வேற பாட்டு!" அம்மாவின் கை தானாகப் போனது. தாளம் 'டிஷ்' என்று அழகாக முடிந்தது. அடுத்த பாட்டும் தொடங்கிவிட்டது.

"அம்மா, பட்டனைப் பாத்தியா?"

"எந்தப் பட்டன்? நான் அந்தக் குரங்கைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு அம்மா பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். கடைக்கு வந்ததிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள்.

"யானையோட ஓசை இன்னும் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஆசையாவும் இருக்கு," என்றாள். "ஆனா அது என்னையே பாரு, என்னையே பாருங்குது. நான் அதைப் பாத்தா உங்களையெல்லாம் யாரு பாக்கறது? பருந்தையே கட்டிக் கொடுங்க."

"அப்ப மழை?" என்றான் வாலு கவலையாக.

"வெளிய மழை வரும்போது நனைஞ்சுக்கோ. வாடா!"

சாயங்காலம் ஹோட்டலில் அம்மா பாடினாள். சுண்டு மூலை மேசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தொடவில்லை. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றார்.

மேசைகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்த ஒரு குட்டிப் பெண் தடுக்கி விழுந்து வீலென்று அழுதாள். எல்லாரும் திரும்பினார்கள். அம்மா அதற்கு முன்பே பார்த்துவிட்டாள். பாடிக்கொண்டிருந்த சோகப் பாட்டு 'டிஷ்' என்று முடிந்தது. துள்ளலான ஒரு பாட்டு குதித்துக்கொண்டு கிளம்பியது. குட்டிப் பெண் கண்ணீரோடு எழுந்து மறுபடி ஆடினாள்.

கைதட்டல் எழுந்தது. கட்டியிருந்த கைகளை அவிழ்த்து மேனேஜரும் தட்டினார். அம்மா நேராக மூலை மேசையைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

சுண்டு வாயிலிருந்து விரலை எடுத்தாள். தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். ஆறிப்போயிருந்தது. ஆனாலும் அவ்வளவு நன்றாக இருந்தது.