நான்கு மணிக்குத் தேவைப்பட்ட கண்

காலை 10.40. தட்டில் இருந்த கண்ணைக் காணோம்.

விபத்தில் இடது கண்ணை இழந்த ஆறு வயதுச் சிறுமிக்காகச் செய்த செயற்கைக் கண் அது. வலது கண்ணின் நிறத்தோடு ஒட்டிப் பார்த்துப் பார்த்துத் தீட்டியது. மாலை நான்கு மணிக்கு அம்மாவோடு வந்துவிடுவாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

பட்டறை முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வரவேற்பு மேசையிலிருந்து ஏட்டம்மா எழுந்தார். இருபத்தெட்டு வருடம் போலீஸில் குப்பை கொட்டிவிட்டு இங்கே வந்தவர்.

உள்ளே வேலை செய்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாலிஷ்காரர், நேற்றுதான் லீவு கேட்டு முதலாளியோடு வாய்ச்சண்டை போட்டவர். இன்னொருத்தி வண்ணம் தீட்டும் பெண், வயது இருபத்திரண்டு. கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"கடைசியா எப்பம்மா பார்த்தே?"

"பத்து மணிக்கு. தட்டுலதான் வச்சேன்."

"அப்புறம்?"

"தண்ணி குடிக்கப் போனேன்."

பாலிஷ்காரர் கேட்காமலே சட்டைப் பையைத் திருப்பிக் காட்டினார். "என்னை வெளியே அனுப்பணும்னா நேரா சொல்லுங்க. திருட்டுப் பட்டம் கட்டாதீங்க."

இழுப்பறை, பைகள், குப்பைக்கூடை எல்லாவற்றையும் சலித்துப் பார்த்தாயிற்று. கிடைக்கவில்லை.

பகல் 1.10. பாலிஷ்காரர்கூட பேருக்கு நாலு வாய் தின்றுவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். முதலாளி போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

"பத்து நிமிஷம் பொறுங்க," என்ற ஏட்டம்மா அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "சாப்பிட்டியா?"

"ஆச்சு."

ஏட்டம்மா தொட்டிப் பக்கம் பார்த்தார். தினமும் முதலில் கழுவிக் கவிழ்க்கப்படும் அவளுடைய டப்பா, இன்று மூடியபடியே மேலே அலமாரியில் இருந்தது.

1.20.

"எடுத்தது நீதான்," என்றார் ஏட்டம்மா. "நீ டப்பா கழுவித்தான் பார்த்திருக்கேன், சாப்பிட்டுப் பார்த்ததில்லை. இன்னிக்கு சாப்பிட்டாச்சுங்கிறே, டப்பாவை இறக்கவே இல்லை. யாரும் திறக்க மாட்டாங்கன்னு உனக்கு நம்பிக்கை. ஏன்னா நீயே திறக்கிறதில்லை, கொட்டுற நேரம் தவிர."

மூடியைத் திறந்தார். அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாடு கலையாமல் இருந்தது. அதன்மேல் காகிதத்தில் சுற்றிய கண். பிரித்துப் பார்த்தால், கருவிழி விளிம்பில் ஒரு கோடு வழுக்கிப் போயிருந்தது.

"கை நடுங்கிடுச்சு," என்றாள். "ஒரு மாசமாவே நடுங்குது. கொஞ்சம் இளைக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப நிறுத்த முடியல, சாப்பாட்டைப் பார்த்தாலே பயமா இருக்கு. உருப்படியா எனக்குத் தெரிஞ்சது இந்த வேலை ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் எதுக்கு இருக்கணும்?" பாலிஷ்காரரைப் பார்க்க அவளுக்கு முகமில்லை. "மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

முதலாளி சிறுமியின் அம்மாவுக்குப் போன் போட்டார். ஏட்டம்மா ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"கண் தயாராகலம்மா. தீட்டுற பொண்ணுக்கு உடம்பு முடியல, நாளாகும். வேற ஆளை வச்சு முடிச்சுக் குடுக்கட்டுமா?"

"வேண்டாங்க. பாப்பா அந்த அக்காதான் வரையணும்னு சொல்லிட்டிருக்கா. கட்டுப் போட்டுக்கிட்டே பள்ளிக்கூடம் போகட்டும். அவங்க குணமாகி வரட்டும், காத்திருக்கோம்."

அந்தப் பெண் ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட போகணும். தனியாப் போக பயமா இருக்கு, நீங்க வரீங்களா?"

ஏட்டம்மா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.