ஆறு பேர் மட்டும்

"மொத்தம் எத்தினி பேருப்பா கீறீங்க?"

"ஆறு பேருக்கா."

"எங்கிட்ட ஆறுன்னு சொல்ட்டு எட்டு பேரு படுத்துக்கினு இருந்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தொட்டித் தண்ணி ஒரு நாள் கூட தாங்க மாட்டேங்குது."

"மாதா சத்தியமா ஆறு பேருதான்க்கா." சொல்லிவிட்டு, மாடியில் குடியிருக்கும் அந்தோணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகவில்லை. "அக்கா, உங்கள ஒண்ணு கேக்கணும்."

"இன்னா?"

அவன் மாடியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "இல்லக்கா. அப்பால கேக்கறேன்."

பத்து நாளைக்கு முன்பு நடந்த பேச்சு. மீஞ்சூரில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கும்வரை ஈஸ்வரி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அந்தோணி இப்படி ஆரம்பித்து நிறுத்துவது அது நாலாவதோ ஐந்தாவதோ தடவை. இன்னொரு குழாய் கேட்பான், இல்லாவிட்டால் பாத்ரூம் கதவு. கேட்காதவரை நல்லது என்று அவளும் விட்டுவிடுவாள். வாடகைக்கு விடுகிறவளுக்கு, கேட்கப்படாத ஒவ்வொன்றும் செய்ய வேண்டியிராத ஒரு ரிப்பேர்.

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய மனைப்பிரிவில், கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு போர்ஷன் வீடு. அவள் நகையும் புருஷன் தணிகாசலத்தின் இருபது வருஷ வெல்டிங் வேலையும்தான் அந்தச் சுவர்கள். கட்டியிருந்த வீடாகத்தான் வாங்கினார்கள். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. ஆனால் வாங்குவது ஒரு கஷ்டம் என்றால் ஆள் வைப்பது ஒன்பது கஷ்டம் என்பது பிறகுதான் தெரிந்தது. கீழ் போர்ஷனில் குடும்பம் நிற்பதில்லை. கடைசியாக இருந்த ஜெனிபர், மேலே ராத்திரியெல்லாம் யாரோ எண்ணிக்கொண்டே நடக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் காலி செய்துகொண்டு போனாள். ஷிப்ட் ஆட்கள் அப்படித்தான், நேரம் காலம் இல்லாமல் நடப்பார்கள் என்று ஈஸ்வரி சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு கம்பெனி ஆள் வருகிறார். இரண்டு போர்ஷனையும் சேர்த்து ஐந்து வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளப் பேச்சு. மாடியில் இருப்பவர்கள் அப்படியே இருக்கலாம், ஒரே நிபந்தனை, சொன்ன ஆறு தலைக்கு மேல் ஒரு தலை இருக்கக் கூடாது. இது முடிந்துவிட்டால் தணிகாசலம் வெல்டிங்கை விட்டுவிடலாம். இன்னும் ஒரு வருஷம் நெருப்பைப் பார்த்தால் அந்தக் கண் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியாயிற்று. நேற்று கூட அவர் அவள் நீட்டிய டம்ளரைப் பிடிக்கக் காற்றில் தடவினார்.

அதனால்தான் ஆட்கள் ஷிப்டுக்குப் போன நேரமாகப் பார்த்து, மாற்றுச் சாவியோடு வந்திருந்தாள். ஏழாவதாக எவனையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. ஐந்தே முக்காலுக்கே இருட்டிவிட்டது. தெருவில் கரண்ட் இல்லை. தூரத்தில் ஏதோ ஆலையின் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது, அதன் புகை வாசனை மழையோடு கலந்து மாடிப்படியில் ஈரமாகத் தேங்கியிருந்தது. கதவுக்கு வெளியே ஒரு செருப்பும் இல்லை. பூட்டு தொங்கியது. அவள் சாவியை எடுத்தபோது உள்ளே யாரோ புரண்டு படுத்தார்கள். பாய் சரசரக்கும் சத்தமும், அதற்குக் கீழே, வெறும் உடம்பு சிமெண்டில் உரசும் சத்தமும் தெளிவாகக் கேட்டன.

"யாருப்பா உள்ள?"

சத்தம் நின்றது. நின்ற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தூங்குகிறவன் அடங்கியது போல இல்லை. காது கொடுத்துக் கேட்கிறவன் அடங்கியது போல இருந்தது.

கோபம் இருந்ததால் கதவைத் திறந்துவிட்டாள்.

போன் வெளிச்சத்தில் ஒற்றை அறை. மெஷின் ஆயில், தேங்காயெண்ணெய், காயாத துணி. கொடியில் ஆறு துண்டுகள். மூலையில் சுருட்டி வைத்த ஆறு பாய்கள். தை மாதம் அடித்த பெயிண்டில், உட்கார்ந்து சாயும் உயரத்தில், வரிசையாகத் தலையெண்ணெய்க் கறைகள். மறுபடி பெயிண்டா என்று எரிச்சலோடு எண்ணினாள். ஆறு. பாத்ரூமைத் திறந்து பார்த்தாள். சமையல் மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். யாரும் இல்லை.

அந்தோணி பொய் சொல்லவில்லை என்று மனசு லேசானது. எலியாக இருக்கும். நாளைக்குப் பயமில்லை.

திரும்பும்போது காலில் பெட்டி இடித்தது. அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஆறு பேருடைய பெட்டிகளும் பைகளும் தரையில்தான் குவிந்திருந்தன. பக்கவாட்டில் நடந்தால்தான் போக முடியும் என்ற அளவுக்கு நெருக்கம். சாமான் வைப்பதற்கென்றே சுவர் நீளத்துக்கு சிமெண்ட் லாஃப்ட் இருக்கிறது. அதில் ஒரு பை கூட இல்லை. இத்தனை இடுக்கில் படுத்து எழுகிறவர்கள், அந்த இடத்தை மட்டும் ஏன் காலியாக விட்டிருக்கிறார்கள்?

போனை மேலே பிடித்தாள். லாஃப்டின் விளிம்பில் பாயின் நுனி தெரிந்தது.

பக்கெட்டைக் கவிழ்த்து ஏறினாள். பழைய கோரைப்பாய். பின்னால் சுவர். சுவரில் ஒரு கறை, ஏழாவது. மற்றவை காய்ந்து மங்கியிருந்தன, இது பளபளத்தது. வீடு கட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அங்கே மட்டும் இன்று பூசியது போலப் பச்சை சிமெண்ட் வாசனை அடித்தது. லாஃப்டுக்கும் கூரைக்கும் நடுவே இரண்டடி கூட இல்லை. அதில் ஒருவன் உட்கார முடியாது. கழுத்தை மடித்துக்கொண்டால் ஒழிய.

பாயின் நடுவே பள்ளம் இருந்தது. ஆள் படுத்த பள்ளம்.

அவள் பார்க்கும்போதே, கோரை ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. கனம் எழுந்துவிட்டது.

இறங்கினாள். எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. பக்கெட் உருண்டது. போன் கை நழுவிப் பெட்டிகளுக்கு நடுவே விழுந்து, வெளிச்சம் கூரையைப் பார்த்து நின்றது.

படியில் காலடி. கதவருகே அந்தோணி, சொட்டச் சொட்ட நனைந்து. ஆலையில் கரண்ட் போய் ஷிப்டை அனுப்பிவிட்டார்களாம். மற்றவர்கள் டீக்கடையில் நிற்கிறார்கள், இருட்டுகிற நேரத்தில் யாரும் மேலே வருவதில்லை, கேட் திறந்திருந்ததால் அவன் மட்டும் வந்தான் என்று மெதுவாகச் சொன்னான். வாசற்படியைத் தாண்டவில்லை.

அவனைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் வந்தது. பயம்தான், கோபமாக வந்தது. "நாளைக்கு கம்பெனிக்காரரு வந்து தல எண்ணுவாரு. எங்க ஊட்டுக்காரரு கண்ணே இதுலதான் கீது. யாருடா அது, மேல படுக்கறது?"

அந்தோணி குழம்பிப்போய் அவளைப் பார்த்தான். "இன்னாக்கா எங்கள கேக்கறீங்க? உங்க ஆளுதான?"

"எங்க ஆளா?"

"மொத நாளே சொன்னீங்களே. நான் மீஞ்சூர்ல கீறேன்னு ஆட்டம் போடாதீங்க, எங்க ஆளு ஒருத்தரு உள்ளாறவே இருந்து எண்ணிக்கினே இருப்பாருன்னு."

சொன்னாள். எல்லாரிடமும் சொல்வாள். சாவி கொடுக்கும்போது மிரட்டி வைப்பதற்கு. அவளுக்கு ஆள் என்று எவனும் கிடையாது.

"தெனம் எறங்கி வராருக்கா. ஒவ்வொருத்தர் தலையா வெரல வெச்சு எண்றாரு. ஆறு வந்ததும் நிக்கறாரு. இன்னும் ஒண்ணு கொறயுதுன்றாரு. திரும்ப மொதல்லேர்ந்து எண்றாரு. நீங்க வெச்ச ஆளாச்சே, ஏதாவது சொன்னா காலி பண்ண சொல்லிடுவீங்கன்னு…"

அவன் பேச்சை நிறுத்தினான். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு மேலே பார்த்தான். பிறகு பார்வை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அவள் தலைக்கு நேரே வந்து நின்றது.

பின்னால் சிமெண்ட் வாசனை. கிட்டத்தில்.

அப்படி யாரும் இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். குங்குமம் வைத்த வகிட்டில், ஈரமாக, ஜில்லென்று, ஒரு விரல் வந்து உட்கார்ந்தது. மெல்ல அழுத்தியது. எடுக்கவில்லை.

அந்தோணி இரண்டு கையையும் கூப்பினான்.

"அக்கா, இத்தினி நாளா கேக்கணும் கேக்கணும்னு இருந்தது இதான். உங்க ஆள இங்கேர்ந்து கூட்டிக்கினு போயிடுங்கக்கா."