ஜஸ்டின் லைனில் இருக்கிறான்!

ஸ்பீக்கரில் ரிங் போய்க்கொண்டிருந்தது.

"யாருக்கும்மா போட்டிருக்க?" டீயை உறிஞ்சியபடி கேட்டார் ஆவுடையப்பன். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் புதுக்கோட்டை ஏஜென்சியின் முதலாளி.

"வெல்டர் கேட்டீங்களே சார்! நெட்ல நம்பர் தேடுற சாஃப்ட்வேர்ல 'வெல்டர், ஆலங்குடி'ன்னு போட்டேன். மொத ஆளே சிக்கிட்டாரு!" என்றாள் புதிதாய்ச் சேர்ந்த பரிமளா.

"பேரு?"

"ஜஸ்டின்!"

டீ புரையேறியது.

ஜஸ்டினா?

இவர் கொடுத்த போலி விசாவில் போய்ச் சீரழிந்தவன். ஊர் திரும்பியதும் நேராக இவரிடம் வந்து, "போலீசுக்குப் போவேன்" என்று சட்டையைப் பிடித்தவன். சமாதானம் பேசக் காரில் கூட்டிப்போய், திருமயம் பக்கம் கைவிட்ட கல்குவாரிக் குட்டையில் இவர் கையாலேயே தள்ளிவிடப்பட்டவன்!

ரிங் நின்றது.

"ஹலோ... ஜஸ்டின் பேசுறேன்."

அதே கரகரப்பு!

"வேலை இருக்குண்ணே, வாரீங்களா?" என்றாள் பரிமளா.

"வாரேன்... மொதலாளி அங்கிட்டுத்தான் இருக்காரா? நேர்லயே பாத்துக்கிறேன்னு சொல்லுங்க."

லைன் கட்!

"சார், ஏன் இப்படி வேர்க்குது?"

"நீ ஒன் வேலையப் பாரு!"

கார் பறந்தது.

பின்சீட்டில் யாரோ இருமினாற்போல் இருந்தது. திரும்பினார். யாருமில்லை. கொஞ்ச தூரத்தில் மறுபடி திரும்பினார். செத்தவன் எப்படிப் பேசுவான்? ஒருவேளை... குட்டையிலிருந்து ஏறி வந்துவிட்டானா? போய்ப் பார்க்காவிட்டால் பைத்தியமே பிடித்துவிடும்!

உச்சிவெயில். குவாரியில் ஈ, காக்காய் இல்லை. பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. குனிந்து எட்டிப் பார்த்தார்.

"சார்..."

முதுகுக்குப் பின்னால் அதே குரல்!

"ஐயோ... ஜஸ்டின்! ஒன்னைய இங்கதானடா தள்ளுனேன்!"

"அந்த எடம் தெரியாமத்தான் மாசக்கணக்கா அலைஞ்சோம்!" பாறை மறைவிலிருந்து வந்தார் பெண் இன்ஸ்பெக்டர் அன்புமொழி. "இவரு ஜஸ்டினோட தம்பி, சார்லஸ். ஒங்க மேல சந்தேகம் இருந்ததால, ஒங்க ஆபீஸ் எதிர்லருந்துதான் பேசுனாரு. அண்ணன் பேர்ல வேலை கேட்டு, புது நம்பரோட நெட்ல போட்டது நாங்க. மத்த ஏஜென்சிக்காரங்க எல்லாம் ஆள் கெடைச்சதுன்னு சந்தோஷப்பட்டாங்க. நீங்க மட்டுந்தான் குவாரிக்கு ஓடியாந்தீங்க. பின்னாலயே வந்தோம்!"

சார்லஸ் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். "அண்ணே..." என்று அப்படியே உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு வெடித்துவிடும் போல அழுதான்.

"மேடம்... பேசித் தீத்துக்கலாம்..."

விலங்கை மாட்டினார் அன்புமொழி.

"ஒங்களுக்கும் வெளியூர்ல வேலை ரெடி சார். சாப்பாடு, தங்குமிடம் இலவசம்... ரிட்டர்ன் டிக்கெட் மட்டும் கெடையாது!"