மூச்சு முட்டுதுக்கா

சித்திரை வெயில் உச்சிக்கு ஏறியிருந்த நேரம். தேவதானத்திலிருந்து வந்த மாட்டுவண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. சங்கையா தன் ஒன்பது வயது மகள் சுடலைமாடத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். முந்தாநாள் மாமரத்திலிருந்து விழுந்தவள். ஊரில் யாரோ மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே வலது கை கொக்கியாக வளைந்திருந்தது. விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன.

"பொட்டப்புள்ள நர்சம்மா. கை போயிருமா?"

"போகாது. டாக்டரய்யா பாத்துக்கிடுவாவ" என்றாள் நர்ஸ் ஞானரத்தினம், கட்டை அறுத்துக்கொண்டே.

டாக்டர் வேதசிரோமணி தடவிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். எலும்பின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவில் சதை சிக்கியிருந்தது. கீறித்தான் சேர்க்க வேண்டும்.

"கம்பவுண்டர் சூசை காய்ச்சல்ல கெடக்கான். நீதான் குளோரோபாரம் குடுக்கணும், ஞானம்."

"எனக்கு ஏலாதுங்கய்யா."

"பொறவு யாரு குடுப்பா? சாயங்காலத்துக்குள்ள விரலெல்லாம் கறுத்துரும்."

மூன்று வருடமாக அவள் அந்த மயக்கமருந்துப் புட்டியைத் தொட்டதில்லை. இதே அறையில், இதேபோல் மணிக்கட்டு முறிந்து வந்த பொன்னுராஜ் என்ற பையன் அவள் கையில்தான் போனான். முகத்தில் மருந்துத் துணியை மூடி, ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னாள். பதினேழு வரை எண்ணியவன், "மூச்சு முட்டுதுக்கா" என்றான். "ஒண்ணுமில்ல, எண்ணு" என்று மேலும் நாலு சொட்டு விட்டாள். பதினெட்டு வரவேயில்லை. பிள்ளைக்கு இருதயம் பலவீனம் என்று டாக்டர் எழுதிவிட்டார். அவன் சொன்னதை அவள் வெளியே சொல்லவில்லை.

இப்போது சுடலைமாடத்தி மேசையில் கிடந்து அவளையே பார்த்தாள். ஞானரத்தினம் துணியை மூடினாள். தித்திப்பான மருந்து வாடை அறையில் பரவியது.

"எண்ணு தாயி."

பத்து, பதினொன்று என்று குழறிக்கொண்டே போன குரல் பன்னிரண்டில் அடங்கிற்று. டாக்டர் கத்தியை எடுத்தார். வெளியே காக்கை கத்துவதுகூட நின்றுவிட்டதுபோல் இருந்தது.

"பதிமூணு."

ஞானரத்தினம் திடுக்கிட்டுக் குனிந்தாள். சிறுமியின் தொண்டை அசையவில்லை. குரல் மேசையிலிருந்து வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில், அவள் இடுப்பு உயரத்திலிருந்து வந்தது.

"பதினாலு."

டாக்டர் நிமிரவேயில்லை. சிக்கிய சதையை விலக்கி, எலும்பை நெம்பிக்கொண்டிருந்தார்.

"புள்ள அசையுது ஞானம். இன்னும் கொஞ்சம் விடு."

அவள் புட்டியைச் சாய்த்தாள். மருந்து வாடைக்குள் ஈரமண் வாடை கலந்து வந்தது.

"பதினஞ்சு. பதினாறு."

வேண்டாம், வேண்டாம் என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

"பதினேழு."

சில்லென்று ஏதோ அவள் முழங்கையைப் பற்றியது.

"மூச்சு முட்டுதுக்கா."

துணியைப் பிடுங்கி எறிந்தாள்.

"என்ன செய்யுத?" என்று கத்திய டாக்டர் சிறுமியின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கிட்டே வந்தார். உதடு கருநீலம். நெஞ்சில் அசைவில்லை. ஞானரத்தினம் தாடையைத் தூக்கி, நாக்கை இழுத்து, அதை டாக்டரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மார்பை அமுக்கினாள். "ஐயோ ராசா, என்ன மன்னிச்சிரு" என்று அவள் வாய் யாரிடமோ அரற்றிக்கொண்டேயிருந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. விக்கல்போல ஒரு மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று.

எலும்பைச் சேர்த்து, தானே கரையும் நரம்பால் தைத்து, மாவுக்கட்டுப் போட்டு முடித்தபோது இருவருடைய உடுப்பும் வியர்வையில் நனைந்திருந்தது.

அன்று சாயங்காலம், பொன்னுராஜ் கடைசியாகச் சொன்னதை ஞானரத்தினம் டாக்டரிடம் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னைக்கு எனக்கும் கேட்டுச்சு ஞானம்" என்றார். "வேலை முடியட்டும்னு சும்மா இருந்துட்டேன்."

ஆறு வாரம் கழித்து சங்கையா மகளைக் கூட்டி வந்தான். மாவுக்கட்டை ஞானரத்தினமே வெட்டிப் பிரித்தாள். மணிக்கட்டு கோணலில்லாமல் நேராக இருந்தது. சுடலைமாடத்தி ஐந்து விரலையும் மடக்கி நீட்டிக் காட்டிச் சிரித்தாள். சங்கையா கையெடுத்துக் கும்பிட்டான். இருவரும் வண்டியேறிப் போனார்கள்.

கழற்றிய மாவுக்கட்டைக் குப்பைக்கூடையில் போடப்போனவள் அப்படியே நின்றாள்.

உட்புறத்தில், எலும்பு கூடிய இடத்தில், ஐந்து சின்ன விரல்களின் தடம் பதிந்திருந்தது. மாவுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு கை நுழைந்து இறுக்கிப் பிடித்த தடம்.

தொட்டுப் பார்த்தாள். ஆறு வாரமாகக் காய்ந்து கல்லாகிப் போன மாவு, அந்த இடத்தில் மட்டும் ஈரமாக, அன்று அவள் முழங்கையைப் பற்றியதுபோலவே சில்லென்று இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கட்டைவிரல் தடம் மெல்ல, இன்னும் கொஞ்சம் அமுங்கியது.