கருவாயன் வாலாட்டிய அறை

பண்ணைப்புரத்து வீட்டின் முன்னால் கூண்டு வண்டி நின்றபோது சாரல் தூறிக்கொண்டிருந்தது. முதலில் குதித்தது கருவாயன். கோம்பை நாய், உடம்பு செவலை, மூஞ்சி மட்டும் அடுப்புக்கரி. வீட்டாட்களைத் தவிர யாருக்கும் வாலாட்டாது. சுருளியம்மாளின் கூடப்பிறந்த அண்ணனையே கடித்துவைத்த நாய். மகள் பவுனு மட்டும் கருப்பட்டி அப்பிய கையை நீட்டினால் முன்னங்காலை மடக்கி, பூப்போல நக்கும்.

மொக்கைச்சாமி பூட்டைத் திறந்தான். அவன் அப்பா கட்டிய வீடு. அவனுக்கு விவரம் தெரிந்த நாளாகப் பூட்டியே கிடந்தது.

"இங்கன கொஞ்ச நாள் இருந்தா மனசு ஆறும்" என்றான்.

சுருளியம்மாள் வண்டியிலிருந்து மூட்டையை இறக்கினாள். பவுனு செத்துப்போனதிலிருந்து அவள் புருசனோடு பேசுவதில்லை.

தேவாரம் ஊரில், அவர்கள் வீட்டில், பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது, அம்மை கண்டு தேறிய ஒருத்தியைத் துணைக்கு உள்ளே விட்டு, வெளியே நாதாங்கியை மாட்டியவன் அவன். சுருளியம்மாளுக்கும் தொற்றிவிடக்கூடாது என்று கதவை மறித்து உட்கார்ந்துகொண்டான். உள்ளேயிருந்து பிள்ளை "ஆத்தா, ஆத்தா" என்று கூப்பிட்டது. அவனோ துண்டை எடுத்துக் காதை மூடிக் கட்டிக்கொண்டான். கதவை அடைத்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்தத் துண்டைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தூங்கும்போதும் அப்படித்தான் கட்டிக்கொள்வான். கேட்டால் குளிர் என்பான்.

அவன் தோட்டத்தைப் பார்க்கப் போனதும் அவள் கூட்ட ஆரம்பித்தாள். வீடெங்கும் வவ்வால் நாற்றம். பின்கட்டில் ஓர் அறை மட்டும் சாத்தியிருந்தது. நாதாங்கி வெளிப்பக்கம் இருந்தது. துருப்பிடித்திருந்தது.

அதன் முன்னால் கருவாயன் நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது.

கூப்பிட்டாள். வரவில்லை.

மூடிய கதவுக்குள்ளிருந்து பச்சை வேப்பிலை வாசனை வந்தது. பிறகு ஒரு சத்தம். தட்டுகிற சத்தமில்லை. கதவின் மறுபக்கத்தை உள்ளங்கையால் தடவுகிற சத்தம்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் ஒச்சாண்டி விறகுக்கட்டோடு அப்போதுதான் வந்தார்.

"அந்தப் பின்கட்டு அறையில என்ன இருக்கு?"

ஒச்சாண்டி விறகை இறக்கிவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

"ஐயாவுக்குத் தெரிய வேணாம் ஆத்தா. பிளேக்கு வந்த வருசம் அது. எலி செத்து விழவும் ஊரே தோட்டங்காட்டுல குடிசை போட்டுப் போயிருச்சு. ஐயாவைப் பெத்த மலையம்மாளுக்குக் கக்கத்துல நெறி கட்டிருச்சு. பெரியவுக ஒரு பானைத் தண்ணிய உள்ள வச்சுட்டு நாதாங்கிய மாட்டிட்டாக."

"உசுரோடயா?"

"உசுரோடதான். ஐயா அப்பச் சின்னப்பய. கதவைப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேன்னு கத்துறாரு. உள்ள அந்தம்மா அவரு பேரச் சொல்லிக் கூப்பிடுது. பெரியவுக துண்டை எடுத்து மகன் காதை இறுக்கிக் கட்டி, தோளுல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டாக. பெறகு வந்து தொறந்தா, பானைத் தண்ணி வச்சது வச்சபடி இருந்துச்சு. அந்தம்மா கதவ விட்டு நகரவே இல்ல."

சுருளியம்மாள் வாசப்படியில் உட்கார்ந்தாள். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் அழுதாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மொக்கைச்சாமி வந்தான். இத்தனை நாள் கழித்து அவள் அவனிடம் பேசினாள்.

"ஒங்க ஆத்தா எப்படிச் செத்தாக?"

"காய்ச்சல்லன்னு அப்பா சொன்னாரு. ஏன்?"

கேட்டதையெல்லாம் சொன்னாள். அவன் கை தோளில் கிடந்த துண்டைப் பற்றிக்கொண்டது.

"அப்ப அது கனவு இல்லையா?" என்றான் மெதுவாக. "கண்ண மூடுனாப் போதும், ஒரு பொம்பள கூப்பிடும். பவுனு கூப்பிட்டப்ப ரெண்டு சத்தமும் சேந்து கேட்டுச்சு சுருளி. என்னால முடியல."

அவள் கோபம் முழுதும் போய்விடவில்லை. ஆனாலும் அவன் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு நடந்தாள். இருவருமாக நாதாங்கியைத் தள்ளினார்கள்.

அறையில் யாருமில்லை. ஒரு காலிப் பானை இருந்தது. கதவின் உட்புறம், தரையோரமாக, மரம் தேய்ந்து வழவழவென்றிருந்தது.

கருவாயன் உள்ளே போனது. அண்ணாந்து பார்த்தது. யாரோ தலையைத் தடவிக்கொடுப்பதுபோல் காதை மடக்கிக்கொண்டது.

பிறகு முன்னங்காலை மடக்கியது.

ஒரு சின்னப்பிள்ளை கையை நீட்டும் உயரத்தில், வெறுங்காற்றை, பூப்போல நக்கியது.

மொக்கைச்சாமி காதில் கட்டத் துண்டை உதறினான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கட்டாதீக. இந்தத் தடவை கேளுங்க."

இருவரும் கதவு நிலையைப் பிடித்தபடி நின்று கேட்டார்கள். ஓட்டில் சாரல் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கருவாயன் திரும்பி வந்து அவள் கையில் மூஞ்சியை வைத்தது.

அதன் மூக்கெல்லாம் கருப்பட்டிப் பிசுக்கு.