குழாயடியில் ஒரு வளைவு

மழை விட்டும் தூவானம் விடாத காலை. முள்வேலிக் கேட்டில் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மலாயாவில் அவசரகாலமாயிற்றே... ஒரு பிடி அரிசிகூடச் சோதனை இல்லாமல் வெளியே போகாது.

நீலாவதியின் பையில் அரிசி இல்லை. சுருட்டிய காகிதம் ஒன்றுதான் இருந்தது. ராசா டவுனிலிருந்து புதிதாக வந்திருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அர்ச்சுனன், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அதை விரித்தான். புள்ளிகள், வட்டங்கள், வட்டத்துக்கு வட்டம் ஓடும் கோடுகள்...

“என்னம்மா இது? காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுங்களுக்கு மேப்பா?”

அவள் நிமிர்ந்தாள். அப்பப்பா, என்ன கண்கள்... கேட்ட கேள்வியே அவனுக்கு மறந்துவிடும் போலிருந்தது.

“மேப்புதான்லா. ஆனா இந்த ஊருக்கு இல்ல. ஆஸ்திரேலியா வரைக்கும் நடந்து போய்ப் பாருங்க!”

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிக்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பான். ரோஷம் வந்துவிட்டது. காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“விசாரணை முடியற வரைக்கும் நீங்க கேட்டைத் தாண்டக் கூடாது.”

ரெம்பா டவுனில் படத்துக்குக் கண்ணாடி போடக் கிளம்பியவள் திரும்பி நடந்தாள். பஸ் போனால் போகட்டும். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை மறுநாளே வெறிச்சோடிவிட்டது. போலீஸ் கேஸாமே என்று தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டே பால்வெட்டப் போனார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பேர் தெளியாவிட்டால் வேறு ஆயா பார்ப்பதாக வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டார்.

மாலையில் அர்ச்சுனன் விசாரிக்க வந்தான். கொட்டகை வாசலில் அவள் போட்ட கோலம் இருந்தது. அதை மிதிக்காமல் சுற்றி வந்தான்.

“யாரு போட்ட படம்?”

“போன மாசம் மிலிட்டரி லாரி ஒண்ணு பழுதாகி இங்க ரெண்டு நாள் நின்னுச்சு. டிரைவர் ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பூர்வகுடி. என் கோலத்தைப் பார்த்துட்டு, நாங்களும் மண்ணுல போடுவோம்னு விரலால போட்டுக் காமிச்சாரு. போறப்ப காகிதத்துல வரைஞ்சு கொடுத்தாரு. வட்டம் நீர்க்குழி. கோடு அவங்க மூதாதைங்க நடந்த வழி. இந்த வளைவு, ஒரு ஆள் உக்காந்து எழுந்த தடம்... கதை தெரிஞ்சவனுக்குத் தண்ணி கிடைக்குமாம்.”

“அந்தக் கதை?”

“கேட்டேன். கொஞ்சந்தான் சொன்னாரு. மிச்சம் எங்க ஆளுங்களுக்கு மட்டும்னுட்டாரு. அடுத்தவங்க முன்னோர் கதையாச்சே... நானும் விட்டுட்டேன்.”

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது. சே, ஒரு சிரிப்புக்காக இவள் பிழைப்பில் மண்ணைப் போட்டேனே...

அர்ச்சுனன் கேட்டு அனுப்பியதற்கு வியாழக்கிழமை ராணுவ முகாமிலிருந்து பதில் வந்தது. படம் போட்டது தான்தான் என்று டிரைவர் ஒப்புக்கொண்டிருந்தார். காகிதத்தை மண்டோரிடம் கொடுத்தனுப்பியிருந்தால் அர்ச்சுனனின் மானம் தப்பியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை. அதே கேட், அதே வரிசை, அதே தூவானம். அவனே எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றான். காது மடல் சிவந்திருந்தது.

“தப்பு என்னோடது. நீலாவதி மேல ஒரு குத்தமும் இல்ல. இது அந்த மனுஷனோட பாட்டன் பூட்டன் நடந்த வழி. தெரியாம பேசிட்டேன்... மன்னிச்சிடுங்க.”

வரிசையில் நின்ற மங்கம்மா இடுப்பிலிருந்த பிள்ளையை நீலாவதியிடம் நீட்டினாள். “புடி புள்ள, பாரம் தாங்கல.”

வரிசை நகர்ந்து போனது. மெழுகுத்துணியில் சுற்றிய படத்தை அவன் கொடுத்தான்.

“இதுல ஒண்ணு சேர்த்து வரைய ஆசை... வரையல. இது அவங்க கதை.”

குனிந்து ஈர மண்ணில் விரலால் ஒரு வட்டம் போட்டான். “இது நம்ம லைன் வீட்டுக் குழாயடி.” அருகே ஒரு வளைவு. “இது நான். பக்கத்துல இடம் இருக்கு... உங்கள எனக்குப் புடிச்சிருக்கு, நீலா.”

அவள் பிள்ளையோடு மெல்ல உட்கார்ந்தாள். வளையல் குலுங்க, பக்கத்தில் இன்னொரு வளைவு போட்டாள்.

“ஐயோ, தூறல்ல அழியுதே!” என்றான்.

“அழியட்டும். தினம் கோலம் போடறவளுக்கு அதென்ன புதுசா? நாளைக்கும் போடுவேன்...” கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்கப்பாவைப் பார்க்க வர்றப்ப மட்டும், அந்தத் துப்பாக்கியைக் கேட்டுலயே வெச்சிட்டு வாங்க.”