மஞ்சள் அட்டை

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் காலையிலிருந்தே மழை. ஆஸ்பத்திரி கேன்டீனில் கொதிக்கக் கொதிக்க பாச்சோய் சூப்போடு திரும்பியவனும், மழையை வேடிக்கை பார்த்தபடி நடந்து வந்தவளும்... டமால்! சூப் அவன் சட்டை மேல்.

"கண்ணை எங்க வச்சிருக்கீங்க?"

"மழையில... ஐயோ, ஸாரி! சுடுதா?"

பதறிப்போய் அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். டெல்ஃபின் நிமிர்ந்தான். அப்பப்பா, என்ன கண்கள்! அழுது முடித்ததா, அழப்போகிறதா என்றே தெரியாத கண்கள். சண்டைக்குத் தயாரான வாய் தானாக மூடிக்கொண்டது.

அவள் கழுத்தில் மஞ்சள் அட்டை. நோயாளியோடு தங்குகிற துணையாளுக்கு ஆஸ்பத்திரியில் தருவது.

"யாருக்குத் துணையா வந்திருக்கீங்க?"

"அது... சித்திக்கு."

சொன்ன பிறகுதான் அனலினுக்கே தூக்கிவாரிப்போட்டது. எந்தச் சித்தி? ஏன் இப்படிப் பொய் சொன்னேன்? மூன்று வாரமாக டாக்டர், நர்ஸ் எல்லாரும் அவள் மார்பில் இருந்த கட்டியைத்தான் பார்த்தார்கள். இவன் மட்டும் முகத்தைப் பார்க்கிறான்... அதனாலா?

"நான் மணிலாவுலேருந்து வர்றேன். கதிர்வீச்சு அளக்கிற மீட்டரெல்லாம் சரியா இருக்கான்னு வருஷத்துக்கு ஒருதரம் பார்ப்பேன். நாலு மணிக்கு ஃப்ளைட். அதுக்குள்ள இதைத் துவைச்சுக் குடுத்துடறேன்."

"ஒரு கைக்குட்டைக்கு இவ்வளவு பந்தாவா?"

"பின்னே? மறுபடி பார்க்க ஒரு சாக்கு வேணாமா?"

கைக்குட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்துவிட்டுப் போனான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வரலாமா என்றுதான் குழம்பினாள்.

ஸ்கேன் பிரிவில் டெல்ஃபின் முதல் மீட்டரைப் போட்டான். கீ... என்று கத்தியது. பழுதோ? அடுத்ததை எடுத்தான். அதுவும் கத்தல். சுவரிடம் நீட்டினால் கப்சிப். தன் பக்கம் திருப்பினால் ஊரைக் கூட்டியது. இதென்ன கூத்து?

அங்கே வேலை பார்க்கும் பெர்லா அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "மீட்டருக்கு ஒண்ணுமில்லப்பா. கத்துறது உன் நெஞ்சுதான்."

பையிலிருந்த கைக்குட்டையை எடுத்தான். அதுதான் கத்தியது.

"அட! காலையில கதிர் மருந்து போட்டு ஊசியை எடுத்ததும் ஒரு சொட்டு வழிஞ்சுது. நான் பஞ்சு எடுக்கத் திரும்பறதுக்குள்ள அந்தப் பொண்ணே துடைச்சுட்டா போல..." பெர்லா அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல!"

அவன் கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சித்தி இல்லை. அவளேதான்.

சரியாக அதே நேரம் உள்ளே வந்தாள் அனலின். அவன் கையில் கைக்குட்டை, பக்கத்தில் கத்துகிற மீட்டர். முகம் சிவந்தது.

"தெரிஞ்சுபோச்சா? பரிதாபப்பட்டுக்கிட்டு நிக்காதீங்க. போங்க!"

அவன் வாயைத் திறக்கும் முன் பெர்லா அக்கா அவளை ஸ்கேன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். திரையில், அக்குள் பக்கம், ஒரே ஒரு புள்ளி மினுக்கியது.

"மருந்து முதல்ல போய்ச் சேர்ந்த நிணநீர் முடிச்சு இதுதான்மா. நோய் பரவியிருந்தா பெரும்பாலும் இங்கதான் முதல்ல வந்திருக்கும். நாளைக்கு ஆபரேஷன்ல இதை எடுத்துப் பார்ப்பாங்க. சுத்தமா இருந்தா மத்ததைத் தொட மாட்டாங்க."

"இல்லன்னா...?"

பெர்லா அக்கா மைப்பேனாவால் அந்த இடத்தில் ஒரு குறி போட்டாள்.

வெளியே மேஜையில் இருந்த ஃபாரத்தைப் பெர்லா அக்கா எடுத்துப் பார்த்தாள். "துணையாள் பேரு காலியா இருக்கே? துணை இல்லாம நாளைக்கு அட்மிட் பண்ண மாட்டாங்கம்மா."

அனலின் தலை குனிந்தாள். அம்மாவின் ஆபரேஷனுக்கு, தம்பியின் டெங்குவுக்கு, எல்லாருக்கும் அவளே துணை. தனக்கு என்று வந்தபோது கேட்க வாய் வரவில்லை. குயிமராஸ் தீவில் இருக்கிற வீட்டில், ட்ரெயினிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். துணையாளுக்கென்று தந்த அட்டையைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தாள்.

"டெல்ஃபின்னு எழுதுங்கக்கா," என்றது வாசலில் ஒரு குரல்.

"உங்களுக்கு ஃப்ளைட் இருக்கு!" என்றாள் அனலின் சட்டென்று.

"கைக்குட்டையை ரெண்டு நாள் ஈயப் பெட்டியில வச்சாத்தான் கதிர் அடங்கும். திருப்பிக் குடுக்காம எப்படிப் போறது?"

"பரிதாபமா?"

"பரிதாபமா இருந்தா ஆரஞ்சு வாங்கிக் குடுத்துட்டுக் கிளம்பியிருப்பேன். உங்களைப் பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகல... எனக்கே ஒண்ணும் புரியல. ஆனா போகப் பிடிக்கல. உங்களைப் பிடிச்சிருக்கு. நாளைக்கு நீங்க கண்ணைத் திறக்கறப்ப பக்கத்துல இருக்கணும்போல இருக்கு."

அனலின் உதட்டைக் கடித்தாள். மூன்று வாரமாக அம்மாவிடம்கூடச் சொல்லாதது உடைத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு... ரொம்பப் பயமா இருக்குங்க."

மஞ்சள் அட்டையைக் கழற்றி, எட்டி, அவன் கழுத்தில் மாட்டினாள்.